வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்தல்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோழியில்லாத தெருவைக் காண்பது அரிது. ஆயினும், கோழி வளர்ப்பிற்கென்று சிறிது யோசனையும் நேரமும் செலவிடும் குடித்தனக்காரர் மிகச் சிலரே. கோழிகள் தாமே மேய்ந்து, தாமே அடைந்து, கண்ட இடத்தில் முட்டையிட்டு வாழ்கின்றன. கிடைத்தவரை லாபம் என்று வீட்டாரும் இருந்துவிடுகின்றனர். பிறகு ஒரு கோடையில் தெரு முழுவதும் கழிச்சல் பரவிப் பத்து நாளைக்குள் கூடு காலியாகிவிடுகின்றது. "இந்த வீட்டுக்குக் கோழி ராசியில்லை" என்று சொல்லி, இரண்டு மூன்று வருஷம் சும்மாயிருந்து, மறுபடியும் சந்தையில் நான்கு கோழி வாங்கி வருகின்றனர். அவையும் அவ்வாறே போகின்றன. இதில் ராசி என்பது ஒன்றுமில்லை. கொல்லைக் கோழியில் லாபநஷ்டத்தைத் தீர்மானிப்பது இனமும் அன்று, இரையும் அன்று. பொரித்த குஞ்சுகளில் எத்தனை உயிரோடு தேறி நிற்கின்றன என்பதே ஆகும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நாட்டுப் பெட்டையொன்று ஓராண்டில் மூன்று அல்லது நான்கு தடவை முட்டைக்கு வரும். தடவைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரையாக ஆண்டுக்கு 50 அல்லது 60 முட்டை கிடைக்கும். ஐந்து பெட்டைகள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு நான்கு அடை வைத்தால், அடைக்குப் பன்னிரண்டாக 48 முட்டை செலவாகும். எஞ்சியவை வீட்டுச் செலவுக்கும் விற்பனைக்கும் ஆகும். அந்த 48-ல் 36 பொரித்ததாக வைத்துக்கொள்ளலாம். கவனிப்பில்லாவிடில் அவற்றுள் ஒன்பது தேறினால் பெரிது. மழை, பருந்து, மரநாய், அம்மை, கழிச்சல் ஆகியவை மற்றவற்றைக் கொண்டுபோகும். அதே 36-ல் 27 தேறுமாறு செய்துவிட்டால், ஒரு பெட்டைகூட அதிகமாக வாங்காமல், விற்பனைக்கு நிற்கும் கோழி மூன்று மடங்காகிவிடுகின்றது.

முட்டைக்கென்றே கூண்டில் வளர்க்கப்படும் வெள்ளைக் கோழிகளோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளிலுள்ள கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடும். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேற்பட்ட கலப்புத் தீவனத்தை விலைக்கு வாங்கி வைத்தாக வேண்டும். கொல்லைக் கோழிக்கோ களத்தில் சிந்திய தானியமும், எருக்குழியிலுள்ள புழுவும், வீட்டில் மிஞ்சிய சோறுமே பெரும்பங்கு இரை. வீணாகப் போகும் பொருளை முட்டையாக மாற்றித் தருவதே அதன் தொழில். ஆதலால் ஒரு வீட்டின் கொல்லையும் களமும் எத்தனை கோழியைத் தாங்குமோ அத்தனையே வைத்தல் வேண்டும். முதலாண்டிலேயே ஐம்பது அறுபது என்று இறங்கியவர்கள் தீவனக் கடைக்குக் கடனாளியாவதே வழக்கம்.

எவற்றைக் கொண்டு தொடங்குவது

புதிதாகத் தொடங்குவோர்க்கு ஐந்து அல்லது ஆறு விடைக்கோழிகளும் ஒரு சேவலும் போதும். சேவலொன்று எட்டுப் பத்துப் பெட்டைகளுக்குப் போதுமானது. முட்டை மாத்திரம் வேண்டுமாயின் சேவலே அவசியமில்லை. சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கின்றது, அது தவறு. பெட்டை இடும், அம்முட்டை பொரிக்காது, அவ்வளவே.

நாட்டுக் கோழி ஆறாம் ஏழாம் மாதத்தில் முட்டைக்கு வரும். நான்கு ஐந்து மாதத்து விடைகளை வாங்கினால், அவை வீட்டையும் கூட்டையும் நன்கு பழகிய பின்னரே முட்டையிடத் தொடங்கும். அறிந்தவர் வீட்டில், தாயையும் பார்த்து வாங்குதல் உத்தமம். சந்தையில் வாங்கும் கோழி எந்த ஊர்க் கழிச்சலைச் சுமந்து வருகின்றதென்று எவருக்கும் தெரியாது. அன்றியும், வீட்டார் சந்தைக்கு அனுப்புவது பெரும்பாலும் முட்டை நின்றுபோன கிழட்டுப் பெட்டையையே. எங்கு வாங்கினாலும் புதுக் கோழியைப் பதினைந்து இருபது நாள் வேறிடத்தில் அடைத்து, வேறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நோயில்லையென்று கண்ட பிறகே பழைய கோழிகளோடு விட வேண்டும்.

நாட்டு இனங்களில் சிறுவிடை அடை காப்பதிலும் குஞ்சு காப்பதிலும் கெட்டிக்காரி. பெருவிடை உடல் பெருத்து இறைச்சிக்கு நல்ல விலை தரும், முட்டை குறைவு. ஆராய்ச்சி நிலையங்கள் கொல்லை வளர்ப்பிற்கென்றே உண்டாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம் கோழி முதலியவை நாட்டுக் கோழியைவிட மிகுதியாக முட்டையிடும். அவற்றை விரும்புவோர் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். அவை பெரும்பாலும் அடைக்கு உட்காரா. கலப்பால் உண்டானவற்றின் குஞ்சுகள் தாயைப்போலவே முட்டையிடுமென்று எதிர்பார்க்கவும் கூடாது. மறுபடியும் குஞ்சு வாங்கிக்கொண்டேயிருக்க வேண்டும். தொடங்குகிறவர்க்குச் சிறுவிடையே ஏற்றதென்று தோன்றுகின்றது. பழகிய பிறகு இரண்டொரு புது இனக் கோழிகளைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கோழிகளுக்குள் ஒரு வரிசைமுறை உண்டு. எது எதைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பது அவற்றுக்குள் தீர்மானமாயிருக்கும். நார்வே நாட்டு விலங்கியல் அறிஞர் ஷெல்டெரப்-எப்பெ என்பவர் கோழிகளைக் கூர்ந்து கவனித்து 1920-களின் தொடக்கத்தில் இதனை எழுதி வெளியிட்டார். குடியானவருக்கு இதனாற் பயன் யாதெனில், புதுக் கோழியைப் பட்டப்பகலில் கூட்டத்தில் விடாது, இருட்டிய பின் கூட்டில் மற்றவற்றோடு உட்கார வைத்துவிட்டால் விடியும்போது கொத்து குறைவாயிருக்கும். இரையையும் ஒரே குவியலாகப் போடாமல் இரண்டு மூன்று இடங்களில் இறைத்தால் கடைசி வரிசைக் கோழியும் வயிறு நிரம்பும்.

இரவுக் கூடு

பகலில் கோழி தன்னைத் தானே ஒருவாறு காத்துக்கொள்ளும். இரவில் அதற்குக் கண் தெரியாது. மரநாய் ஓரிரவில் கூட்டிலுள்ள அத்தனையையும் கடித்துப் போட்டுவிடும். தின்பது ஒன்றாகத்தான் இருக்கும். புளியமரத்திலும் மாட்டுக் கொட்டகைக் கூரையிலும் கோழிகளை அடையவிடும் வீடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கின்றது.

பத்துக் கோழிகளுக்கு நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூடு போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கல் அல்லது மரக் கால்களின்மேல் அமைத்து, அடித்தளத்தை விரலிடைவெளி விட்டு மூங்கிற் பிளாச்சுகளால் வேய்ந்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு ஈரமின்றியிருக்கும். அந்த எச்சத்தை வாரம் ஒரு முறை வாரி எருக்குழியில் சேர்த்து மக்கச் செய்தால் காய்கறிப் பாத்திகளுக்கு மிகச் சிறந்த உரமாகும். பச்சையாகச் செடியடியில் கொட்டினால் வேர் வெந்துவிடும்.

மண்சுவர்க் கூடுகளில் ஒரு சத்துரு மறைந்திருப்பதைப் பலர் அறியார். கோழியுண்ணி பகலெல்லாம் சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வெளிப்பட்டு இரத்தத்தைக் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழி மாத்திரம் வெளிறி இளைத்துக்கொண்டே வரும். வெடிப்புகளை மண்ணால் அடைத்து, ஆண்டுக்கு இரு முறையேனும் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். கொல்லையில் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் கோழிகள் தாமே அதில் புரண்டு செள்ளை உதறிக்கொள்ளும்.

கூட்டை எப்பொழுது திறப்பது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். கோழிகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடும். விடிந்தவுடன் திறந்துவிட்டால் முட்டை வைக்கோற்போரிலும் வேலியடியிலும் போய்விடும். அதனினும் முக்கியமாக, நாற்றங்கால் விட்டிருக்கும் காலத்திலும் களத்தில் தானியம் காயும் காலத்திலும் கோழியால் வரும் சச்சரவு சிறிதன்று. கோழி கிளறிய விதைப்பாத்தி காரணமாகப் பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட ஊர்கள் உண்டு. அந்த வாரங்களில் பத்து மணி வரை கூட்டிலேயே இரையும் தண்ணீரும் வைத்து, வைக்கோல் பரப்பிய பழஞ்சட்டி இரண்டை இருட்டான மூலையில் வைத்துவிட்டால் முட்டை கூட்டிலேயே கிடைக்கும். அயலார் மனமும் கோணாது. மருந்து தெளித்த வயலிலும் விஷமருந்து கலந்த விதை விதைத்த நிலத்திலும் கோழியை மேயவிடவே கூடாது.

இரை

மேய்ந்து வரும் கோழிக்குக் காலையில் ஒன்றும் போட வேண்டியதில்லை. வயிறு நிரம்பிய கோழி மேயாது. மாலையில் கோழிக்கு ஒரு கைப்பிடி வீதம் கம்பு, சோளம், நொய் இவற்றில் எது மலிவோ அதைப் போடலாம். இந்த மாலை இரைதான் கோழியைக் கூட்டுக்குக் கொண்டுவரும் கயிறு. நாள்தோறும் ஒரே குரலில் அழைத்து இரை போடும் கைக்குக் கோழி எவ்வளவு தூரத்திலிருந்தும் ஓடிவரும். அழைத்தவுடன் வராத கோழி நோயுற்றிருக்கலாம் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளவும் இதுவே வழி.

பிள்ளைகள் பிழைப்புக்காக நகரத்துக்குப் போய்விட, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் இப்பொழுது ஊர்தோறும் பெருகியிருக்கின்றன. அத்தகைய வீடுகளில் நான்கு கோழிகள் நல்ல துணையாகும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அவை வளர்ப்பவரை அடையாளம் அறியும். காலடியைச் சுற்றி வரும். விடியலில் எழுப்பி, பொழுது சாயுமுன் வாசலுக்கு அழைக்கும். மாடு வைத்துக் காக்க இயலாத வயதிலும் கோழி வைத்துக் காக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டிலோ, செல்லமாக வளர்ந்த சேவலை விருந்துக்கு அறுக்க நினைப்பவர் முன்யோசனையோடு நடப்பது நல்லது.

முட்டை ஓடு மெலிந்து தோலாக வருமாயின் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லையென்று அறிதல் வேண்டும். கிளிஞ்சலை இடித்து ஒரு சட்டியில் வைத்துவிட்டால் கோழி வேண்டிய அளவு தானே பொறுக்கிக்கொள்ளும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும், உப்பு மிகுந்த ஊறுகாய், கருவாட்டு மிச்சங்களும் கோழிக்கு விஷம்.

குஞ்சுகளுக்குக் கறையானைவிடச் சிறந்த இரை கிடையாது. பழைய பானையொன்றில் கிழிந்த சாக்கு, உலர்ந்த சாணம், மட்கிய ஓலை இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளின் முன் உதறிவிட வேண்டும். தாமதித்தால் அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். இது பாட்டிமார் செய்துவந்த முறை. செலவில்லாத இம்முறையை விட்டுவிட்டுக் கடைத் தீவனத்தைத் தேடுவது நியாயமன்று.

அடையும் குஞ்சும்

அடைமுட்டைகளைக் கோடையில் ஐந்து நாளுக்கு மேலும், மற்றக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் சேர்த்து வைத்தல் கூடாது. வெயிலில் சூடேறிய முட்டையில் கரு சிறிது வளரத் தொடங்கிப் பிறகு செத்துவிடும். பங்குனி, சித்திரையில் வைக்கும் அடை பாதியும் கூமுட்டையாகப் போவதற்கு இதுவே காரணம். இடியின்மேல் பழி போடுவதில் பயனில்லை. அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அதனால் தீங்கொன்றுமில்லை, ஆனால் முட்டை புதிதாயிருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் சிறுவிடையின் உடம்புக்குள் அடங்கா. ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு உள்ளதில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றுமின்றித் தெளிவாயிருப்பனவற்றை எடுத்துவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிப்படும்.

முதல் மூன்று வாரமே ஆபத்தான காலம். தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, தாழ்ந்த தட்டில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கற்களில்லாத தட்டில் குஞ்சு விழுந்து நனைந்து விறைத்துவிடும். குஞ்சுகளுக்கு ஒன்றரை இரண்டு மாதமானவுடன் தாயைப் பிரித்துவிட்டால் அது விரைவில் மறுபடியும் முட்டைக்கு வரும்.

அடை வைக்கும் பருவமாக ஆடியும் ஆவணியும் சிறந்தவை. அப்பொழுது பொரிக்கும் குஞ்சுகள் ஐப்பசி அடைமழைக்குள் இறகு முளைத்துத் தேறிவிடும். மாசி மாதத்துத் தடுப்பூசிக்கும் தக்க வயதை அடைந்திருக்கும். அத்தடுப்பூசியின் அவசியம் கீழே காட்டப்படும்.

கழிச்சல்

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் நோயே கொல்லைக் கோழியின் யமன். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகிலும் முதன்முதலாகத் தனி நோயென்று அறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிகேத்திலும் காணப்பட்டமையால், இந்தியாவில் அதற்கு ராணிகேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. கோழி உறங்கி வழியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கால் இழுத்துக்கொள்ளும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஊசி போடாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறும் போய்விடுதல் உண்டு. இந்நோய் வந்த பிறகு தீர்க்கும் மருந்து கிடையாது. வெங்காயம், மிளகு, மோர் என்று கொடுப்பவை மனத்திருப்திக்கே ஆகும்.

ஆனால் வருமுன் காக்கும் ஊசி இருக்கின்றது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் அதன் மறுமுறையும், எட்டு வாரம் நிரம்பிய பின் இறக்கையில் போடும் ஊசியும் ஆகிய மூன்றே. பெருங்கோழிகளுக்கு ஊசியைக் குறைந்தது ஆண்டுக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் பெரிய ஊசி போட்டால் அந்த மருந்தாலேயே நோய் காணும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்தல் நலம். அம்மைக்கும் தனி ஊசி உண்டு. கொசு மிகுந்த ஊர்களில் அதனையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எளிதான ஊசி கிராமத்துக் கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாமற் போவதற்குக் காரணம் அலட்சியம் மாத்திரமன்று. ஊசி மருந்து நூறு கோழிக்கான குப்பியாக வருகின்றது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்; சூடு பட்டால் அது வெறும் தண்ணீருக்குச் சமானம். ஆறு கோழி வைத்திருப்பவர் தனியாகச் சென்று கேட்டால் ஒரு குப்பியை உடைப்பது எவ்வாறு? அவருடைய கோழி மாத்திரம் ஊசி பெற்றாலும், பக்கத்து வீடுகளில் நோய் இருக்குமட்டும் அவர் வீட்டில் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு ஆபத்து நீங்காது. ஆகவே கோழி வளர்ப்பை ஒரு வீட்டார் தொடங்கலாம். காப்பது ஊரார் காரியமாகின்றது.

கால்நடைப் பராமரிப்புத் துறையார் வழக்கமாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் கட்டணமின்றிக் கோழிகளுக்கு ஊசி போட்டு வருகின்றனர். கோடைக் கழிச்சலுக்கு முன்னதாக வருமாறு அக்காலம் குறிக்கப்பட்டது. ஊர் அதிகாரிகள் இதில் செய்யத்தக்க உதவி பெரிது. ஊசி போட வருபவர் காலை ஒன்பது மணிக்கு வந்தால், கோழிகளெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். ஒன்றையும் பிடிக்க முடியாது. முந்தின நாள் மாலையே, மறுநாள் எவரும் கூடு திறக்க வேண்டாமென்று ஊரறியச் செய்து, ஊசி போடுவோர் விடியற்காலையிலேயே தெருவில் இறங்க ஏற்பாடு செய்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தெரு முடிந்துவிடும். எந்த வீட்டில் எத்தனை கோழி என்ற கணக்கை ஊராட்சியில் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினால் குப்பிகள் குறைவின்றி வரும். தை, மாசியில் பொரித்த குஞ்சுகள் அந்த ஊசிக்கு வயதாகாதவை. அவற்றுக்கான சொட்டு மருந்துக்கு நாலைந்து வீட்டார் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக அடைகளையும் அந்த வீட்டார் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வைத்தல் நல்லது.

நோய் கண்டுவிட்ட வீட்டார் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவதைப்போல் ஊருக்குத் தீங்கு செய்வது வேறில்லை. பத்து ரூபாயாவது மிஞ்சட்டும் என்று விற்ற கோழி, பத்து ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோகின்றது. செத்தவற்றை வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். காக்கை முதலிய பறவைகளும் கூடவே திடீரென்று செத்து விழுமாயின் அது பறவைக் காய்ச்சலாயிருக்கலாம். இந்தியக் கோழிகளில் அந்நோய் 2006-ஆம் ஆண்டில் முதலில் காணப்பட்டது. அது மனிதரையும் பற்றக்கூடியதாதலால், அவற்றைக் கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்கும் ஊராட்சிக்கும் தெரிவித்தல் வேண்டும்.

கழிச்சலால் காலியான கூட்டின் வைக்கோலை எரித்து, கூட்டைக் கழுவி வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, குறைந்தது ஒரு மாதம் வெறுமையாக வைத்திருக்க வேண்டும். பிறகு வாங்கும் விடைகள் ஊசி போடப்பட்டவையா என்று கேட்டு வாங்குக. இல்லையாயின் தனியே வைத்திருக்கும் இருபது நாளுக்குள் மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டு கூட்டில் விடுக.